இணையா, துணையா, உடனா? இரண்டாவது மின்வழங்கிக்கு ஒரு பெயர்

அன்பின் நண்பர்களுக்கு,

நான்கு வரைகலை அட்டைகள் பூட்டிய கணினிக்கு இரண்டு மின்வழங்கிகள் (கணினிக்கு மின்சாரம் தரும் power supply பெட்டிகள்) பொருத்தும் முறையைக் கையேட்டில் எழுதியபோது, இரண்டாவது பெட்டிக்கு "இணை மின்வழங்கி" என்று பெயர் வைத்திருந்தேன். நீங்களும் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டீர்கள். இப்போது அந்தப் பெயரை நானே திரும்பப் பெறுகிறேன்.

காரணம் உப்புவெளியில் இருக்கும் என் அக்காவின் மகன். கையேட்டைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் மாமா, இரண்டு பெட்டிகளின் மஞ்சள் வயர்களையும் சேர்த்து முறுக்கிவிடலாம்தானே?" என்று கேட்டான். எனக்கு வியர்த்துவிட்டது. அவன்மேல் பிழையில்லை. "இணை" என்று எழுதினால் கை இணைக்கத்தான் போகும்.

மஞ்சள் வயர் 12 வோல்ற். ஆனால் கணினி மின்வழங்கிகளுக்கான ஏரிஎக்ஸ் (ATX) தரம் அதற்கு ஏறக்குறைய 5 சதவீத ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறது. ஒரு பெட்டி 11.9 வோல்ற்றும் மற்றது 12.1 வோல்ற்றும் தந்தால் இரண்டுமே நல்ல பெட்டிகள்தாம். அவற்றை முறுக்கிக் கட்டினால், கூடிய வோல்ற் தரும் பெட்டி சுமையைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளும். தன் வெளியீட்டைத் தானே சீராக்க முயலும் மற்றது குழம்பிப்போகும். ஆகவே மஞ்சளோடு மஞ்சள் சேரக்கூடாது. கறுப்பு, அதாவது நிலவயர் மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஓர் அட்டைக்குத் தலையில் செருகும் வயர்கள் எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து வருவது நல்லது.

இரண்டு பெட்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 350 வாற் எடுக்கும் அட்டைகள் நான்கு என்றால் 1400 வாற். அதற்குமேல் செயலியும் தாய்ப்பலகையும் இருக்கின்றன. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கும் 5 அம்பியர் பிளக்கால் 230 வோல்ற்றில் 1150 வாற்தான் தர முடியும் என்பதையும் கையேட்டில் பெரிய எழுத்தில் போடப்போகிறேன்.

"துணை மின்வழங்கி" என்று ஒருவர் சொல்லியிருந்தார். துணை என்றால் சின்னது, இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம் என்ற நினைப்பு வரும். மூன்று அட்டைகளைச் சுமக்கப்போவது இரண்டாவது பெட்டிதான். "தொடர்" என்ற சொல் பக்கமே போக வேண்டாம். அதைப் படித்துவிட்டு இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து 24 வோல்ற் உண்டாக்கப் பார்ப்பார்கள்.

எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் கடற்கரையின் கரைவலை. வலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். ஒரு கூட்டம் மற்றதன் கயிற்றில் கை வைப்பதில்லை. ஆனால் அம்பாப் பாட்டு எழும்போது எல்லாத் தோள்களும் ஒன்றாக அசையும். கணினியில் அந்தப் பாட்டு பச்சை வயர். அதைக் கறுப்போடு தொடுத்தால் பெட்டி விழிக்கும். முதல் பெட்டி விழித்ததும் இரண்டாவதன் பச்சையைத் தொடுத்துவிடுவது ஒரு சின்ன ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), அவ்வளவுதான்.

கயிறு வேறு, அசைவு ஒன்று. உடன்பிறந்தவர்களும் அப்படித்தானே? ஆகவே என் முன்மொழிவு: உடன்வழங்கி.

திருகோணமலையிலிருந்து

*

> என் முன்மொழிவு: உடன்வழங்கி

(நண்பர் ஒருவரின் பதில்) வணக்கம். அரசாங்கக் கடிதங்களில் "உடன் வழங்கவும்" என்றால் தாமதிக்காமல் கொடு என்று பொருள். கேட்டவுடன் மின்சாரம் தரும் பெட்டி என்றுதான் நான் முதலில் படித்தேன். இன்னொன்று, "உடன்" என்றதும் எனக்கு உடன்கட்டை நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

"இணை"யையும் முழுவதும் தூக்கி எறியாதீர்கள். சேவையகங்களில் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளவென்றே வடிவமைத்த மின்வழங்கிகள் உண்டு. அவற்றின் வெளியீடுகள் உண்மையிலேயே ஒன்றாகச் சேர்கின்றன. அங்கே அந்தச் சொல்தான் சரி.

*

சேவையகம் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். "இணை மின்வழங்கி" அங்கேயே இருக்கட்டும். வீட்டுக் கணினிக்கு அதை இரவல் வாங்கியதுதான் என் பிழை.

உடன்கட்டைக்கு நான் அஞ்சவில்லை. சொல்லப்போனால் பெட்டி செய்ய வேண்டிய வேலையே அதுதான். முதல் பெட்டி அணைந்தபின் இரண்டாவது மட்டும் விழித்திருந்தால், தூங்கும் தாய்ப்பலகையில் செருகிய அட்டைகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ரிலே இருந்தால் முதலாவதோடு இரண்டாவதும் போய்விடும். பெண்களுக்கு இழைத்த கொடுமையின் பெயர் ஓர் இரும்புப் பெட்டிக்குப் பொருந்துவது சங்கடம்தான், என்ன செய்வது.

ஆனால் "உடன் வழங்கவும்" என்ற இடத்தில் தோற்றுவிட்டேன். கச்சேரிக் (அரசாங்க அலுவலகக்) கடிதங்களைப் படித்துப் பழகிய கண்களுக்கு அது அப்படித்தான் தெரியும். ஆகவே கொஞ்சம் நீட்டி "உடனியங்கு மின்வழங்கி" என்று மாற்றியிருக்கிறேன். power என்பதை வலு என்றே சொல்லித்தரும் எங்கள் ஆசிரியர்கள் "வலுவழங்கி" என்று ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். தமிழகத்து வாசகர்கள் வலுவைப் பலம் என்று படிப்பார்கள், அதனால் மின்னோடு நிறுத்திக்கொண்டேன்.

திருத்திய பக்கத்தை நேற்று மருமகனிடம் கொடுத்தேன். மஞ்சள் வயரைப் பற்றி அவன் பேசவே இல்லை. "மாமா, இரண்டும் ஒன்றாக இயங்க வேண்டும் என்றால் இதை எழுப்புகிற வயர் எது?" என்று கேட்டான்.