ஹை பிரஸ்: ‘உயரழுத்தம்’ வேண்டாம், ‘முன்கள நெருக்கு’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

கால்பந்தில் எதிரணியை அவர்கள் கோலுக்கு அருகிலேயே மடக்கிப் பந்தைப் பறிக்க முயலும் ஆட்டமுறை ‘ஹை பிரஸ்’. அதற்கு ‘உயரழுத்தம்’ என்று குழுவின் முந்தைய மடலில் ஒரு பரிந்துரை வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில், அந்தச் சொல்லைக் கேட்டதும் மின்கம்பியோ இரத்தக் கொதிப்போதான் நினைவுக்கு வரும். அது சிறிய குறை. பெரிய குறை, ஆட்டத்தில் நடப்பதை அது தவறாகச் சொல்கிறது. இங்கே ‘உயர்’ என்பது உயரம் அல்ல, எதிரணியின் கோலுக்கு அருகில் என்பதுதான். அழுத்துவது என்றால் மேலிருந்து கீழே என்றே தோன்றும். இந்த ஆட்டமுறையோ பக்கவாட்டில் இடத்தைக் குறைக்கிறது.

பின்களத்தில் நால்வர், நடுக்களத்தில் மூவர், முன்களத்தில் மூவர் நிற்கும் 4-3-3 வியூகத்தை எடுத்துக்கொள்வோம். எதிரணிக் கோல்காப்பாளர் பந்தைத் தன் நடுப் பின்கள வீரருக்குத் தள்ளுகிறார். நம் நடு முன்கள வீரர் நேராக ஓடுவதில்லை, வளைந்து ஓடுகிறார். அந்த வளைவால் பக்கத்தில் நிற்கும் இன்னொரு பின்கள வீரருக்குப் போகும் வழி அவர் உடம்புக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. பந்து வைத்திருப்பவருக்கு ஓரம் மட்டும்தான் மிச்சம். ஓரத்துக்குப் பந்து போன நொடியில் நம் விங்கர், அதாவது ஓரத்து முன்கள வீரர், பாய்கிறார். எல்லைக்கோடு இன்னொரு தடுப்பாட்டக்காரர் போலாகிவிடுகிறது, அதைத் தாண்டினால் பந்து ஆட்டத்துக்கு வெளியே போய்விடுமே. அதே நேரம் நடுக்களத்தார் மூவரும் மேலேறி உள்வழியை அடைக்க, பின்கள வரிசை மையக்கோடு வரை வந்து நிற்கிறது. அவர்களுக்குப் பின்னால் பாதி மைதானம் காலி. அதனால்தான் நம் கோல்காப்பாளரும் பெனால்டி பெட்டியை விட்டு வெளியே நிற்கிறார். இதில் ஒருவர் இரண்டடி தாமதித்தாலும் எல்லாம் உடைந்துவிடும்.

இதற்கு நம்மிடம் ‘நெருக்கு’ இருக்கிறது. நெருக்குவது இடத்தைக் குறைப்பது. நம் வரிசைகள் ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தால்தான் எதிரியை நெருக்க முடியும் என்பதும் அதே வேரில் கிடைக்கிறது. ‘அழுத்தம்’ இந்த இரண்டாவது பாதியைச் சொல்லவே சொல்லாது. ‘முன்’ சேர்த்தால் புணர்ச்சியில் ‘முன்னெருக்கு’ ஆகி எருக்கஞ்செடி எட்டிப்பார்க்கும், ஆகவே ‘முன்கள நெருக்கு’. ‘நெருக்குதல்’ போலத் தல்விகுதி இல்லாமல் மொட்டையாக இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். சறுக்கு, சுளுக்கு, முடுக்கு எல்லாம் பெயர்ச்சொல்லாக வழங்குகிறவைதானே.

அடுத்து, ஜெர்மானியர்களின் ‘கெகன்பிரெஸ்ஸிங்’. பயிற்சியாளர் யூர்கன் கிளாப் டார்ட்மண்டிலும் பிறகு லிவர்பூலிலும் புகழ்பெறச் செய்தது. இரண்டும் ஒன்றல்ல. முன்கள நெருக்கு, எதிரணி நிதானமாக ஆட்டத்தைக் கட்டத் தொடங்கும்போது நடப்பது. கெகன்பிரெஸ்ஸிங், நாம் பந்தை இழந்த மறுநொடியில் அதை மீட்க நடப்பது.

2019 மே 7, லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். முதல் ஆட்டத்தில் 3-0 என்று பின்தங்கியிருந்த லிவர்பூல், பார்சிலோனாவுக்கு எதிராக ஆடுகிறது. 54ஆவது நிமிடத்தில் வலப்பக்கம் லிவர்பூலின் டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் பந்தை இழக்கிறார். தலையில் கை வைக்கவில்லை, பின்னால் ஓடவும் இல்லை. அங்கேயே பாய்ந்து பார்சிலோனாவின் ஜோர்டி ஆல்பாவிடமிருந்து பந்தைப் பிடுங்கிக் குறுக்கே அனுப்புகிறார். சக வீரர் வைனால்டம் அடித்தார், கோல். முதலில் பந்தைப் பறித்த பார்சிலோனாவுக்கு அணிவகுக்க எந்த அவகாசமும் இல்லை, அவர்கள் ஆட்கள் அப்போதுதான் முன்னே ஓடக் கிளம்பியிருப்பார்கள். அந்த ஒரு கணம்தான் இந்த முறையின் உயிர். அன்று லிவர்பூல் 4-0 என்று வென்றது.

‘கெகன்’ என்றால் ‘எதிர்’ என்பதை வைத்து இதற்கு ‘எதிர்நெருக்கு’ என்றால் எதிரணி செய்யும் நெருக்கு என்றே படிப்பவர் நினைப்பார். நம் புறத்திணையில் வெட்சி ஆநிரை கவர்வது, கரந்தை அதை மீட்பது. பறிகொடுத்ததைப் பறித்தவன் தன் ஊர் போய்ச் சேருமுன் மீட்கும் இந்த ஆட்டத்துக்குக் ‘கரந்தை’ எவ்வளவு பொருத்தம்! எனக்கு அந்தச் சொல் மேல் ஆசைதான். ஆனால் விளையாட்டுப் பக்கம் படிப்பவருக்கு அடிக்குறிப்பு தேவைப்படும். அதனால் ‘மீட்பு நெருக்கு’ என்று முன்மொழிகிறேன்.

அப்புறம், ‘பிரஸ்ஸிங் டிரிகர்’ பாக்கி, அதாவது நெருக்கத் தொடங்குவதற்கான அடையாளம். பின்களத்தார் பந்தைச் சரியாக அடக்காமல் விடுவது, கோல்காப்பாளருக்கே திருப்பித் தள்ளுவது, முதுகைக் காட்டியபடி பந்தை வாங்குவது: இவற்றில் ஒன்றைக் கண்டதும் அணி மொத்தமும் கிளம்புகிறது. ‘தூண்டல்’ என்பதைவிடக் ‘குறி’ சரியாகப் படுகிறது, ஆனால் குறிபார்ப்பதோடு குழம்புமோ என்ற தயக்கம் இருக்கிறது. ஆடுகளத்தில் பயிற்சி தருபவர்கள் இந்தக் குழுவில் இருந்தால், வீரர்களிடம் இதை எந்தச் சொல்லால் கத்துகிறீர்கள் என்று எழுதுங்கள்.