பங்குனித் திருவிழா எட்டாம் நாள்: எந்தப் பக்கமா உள்ளே போறது?

*மாடவீதி பிளாட்ஸ் குடும்பம்*

கார்த்திக் 2பி 7:12
வணக்கம். மதுரையிலேர்ந்து அப்பா அம்மா வர்றாங்க. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில்ல எட்டாம் நாள் அறுபத்துமூவர் (63 நாயன்மார் ஊர்வலம்) அன்னிக்கு ராஜகோபுரம் வழியா எத்தனை மணிக்குப் போனா கபாலியை நேரா பார்க்கலாம்?

சுந்தரம் மாமா 7:20
நேரா பார்க்க முடியாதுப்பா. ராஜகோபுரம் கிழக்கே, அது கோயிலோட முதுகுப்பக்கம் 😀 சுவாமி மேற்குப் பார்த்து இருக்கார். கொடிமரம், நந்தி, சின்னக் கோபுரம், குளம் எல்லாம் மேற்கேதான். எல்லாரும் போட்டோ எடுக்கற 7 நிலை, 120 அடி கோபுரம் 1906-ல கட்டினது.

கார்த்திக் 2பி 7:21
அப்போ கிழக்கால போகக் கூடாதா?

லலிதா மாமி 7:25
தாராளமா போலாம். நர்த்தன விநாயகரைக் கும்பிட்டுட்டு இடது கைப்பக்கம் திரும்பி, தெற்குப் பிராகாரம் வழியா மேற்கே கொடிமரத்துக்கு வா. நமஸ்காரம் பண்றது அங்கேதான், உள்ளே எந்தச் சன்னதியிலயும் விழக் கூடாது. கற்பகாம்பாள் தெற்குப் பார்த்து நிக்கறா. கொடிமரத்துக்கிட்டயே பூம்பாவை (சம்பந்தர் பதிகம் பாடி உயிர்ப்பிச்ச பொண்ணு) சன்னதி, சம்பந்தரும் இருக்கார். அதைத் தவறவிட்டுடாதே.

சுந்தரம் மாமா 7:27
எட்டாம் நாள் உள்ளே போகணும்னா காலையிலேயே போயிடு. மதியம் 3 மணிவாக்குல உற்சவர் வீதிக்கு வந்துடுவார், அப்புறம் கோபுர வாசலை நெருங்கவே முடியாது. காலையில குளக்கரையில பூம்பாவை உயிர்த்தெழற ஐதீகம். அதுக்குக் கூட்டம் அவ்வளவு இருக்காது, பெரியவங்களுக்கு அதுதான் சரி.

தேவி அக்கா 4ஏ 7:41
ஒரு ஃபார்வர்டுல "இந்தக் கட்டடம் 2000 வருஷம் பழசு"ன்னு வந்துச்சே மாமா?

சுந்தரம் மாமா 7:52
தலம் பழசு, கட்டடம் பழசில்லை. 15-ஆம் நூற்றாண்டு அருணகிரிநாதர் மயிலையைக் கடல் அலை பக்கத்துல வச்சுப் பாடறார். இப்போ கோயில்லேர்ந்து கடல் எவ்வளவு தூரம்னு பாரு. பழைய கோயில் சாந்தோம் பக்கம் இருந்தது, 16-ஆம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியர் காலத்துல அழிஞ்சுது. கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் சர்ச் பக்கம் கிடைச்சிருக்கு. இப்போ நாம பார்க்கறது அதுக்கப்புறம் எழுப்பினது.
தலமரத்தையும் பாரு, புன்னை. அது கடற்கரை மணல்ல வளர்ற நெய்தல் நில மரம்.

லலிதா மாமி 7:58
தலம் பழசுங்கறதுக்குப் பூம்பாவைப் பதிகத்துலயே சாட்சி இருக்கே. பாம்பு கடிச்சுச் செத்த பொண்ணோட சாம்பல் குடத்துக்கு முன்னாடி சம்பந்தர், "இந்த விழாவையெல்லாம் பார்க்காம போயிடுவியா"ன்னு கேக்கறார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம்னு வரிசையா வரும். 7-ஆம் நூற்றாண்டு விழாக் காலண்டர்! மாசி மகத்துக்கு சுவாமி இன்னும் கடற்கரைக்குப் போறார். தைப்பூசத்துக்குத் தெப்பம், மூணு நாள். முதல் நாள் கபாலி, அடுத்த ரெண்டு நாளும் சிங்காரவேலர் (இங்கே முருகன்).

கார்த்திக் 2பி 8:03
ஏழாம் நாள் தேருக்கு வடம் பிடிக்கணும்னு அப்பா ஆசைப்படறார்.

சுந்தரம் மாமா 8:11
வடத்தோட முன்பாதியில நிக்கச் சொல்லு. சக்கரத்துக்குப் பக்கத்துல கட்டை போடறவங்க மட்டும்தான் இருக்கணும். தேருக்கு ஸ்டியரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. ரெண்டு வேலையையும் முட்டுக்கட்டைதான் பார்க்குது. சரிவா செதுக்கின கட்டையைச் சக்கரத்துக்கு முன்னாடி வைப்பாங்க. ஒரு பக்கம் மட்டும் வச்சா அந்தச் சக்கரம் தயங்கும், தேர் அந்தப் பக்கமா திரும்பும். வழுக்கிச் சறுக்கறதுக்குக் கட்டையில கிரீஸ் தடவறதும் உண்டு. கட்டை ஒரு நொடி தாமதமானா தேர் ஓரத்துக்குப் போயிடும். அதனால மூலை திரும்பறப்போ "நிறுத்து"ன்னு சத்தம் கேட்டா உடனே வடத்தைத் தளர்த்தணும். புதுசா வர்றவங்க ஆர்வத்துல இன்னும் இழுப்பாங்க, தப்பே அங்கதான்.

தேவி அக்கா 4ஏ 8:15
அதிகார நந்தி வாகனம் மூணாம் நாள் விடிகாலைதானே? ரிஷப வாகனம்?

லலிதா மாமி 8:16
ஆமா. ரிஷபம் அஞ்சாம் நாள் ராத்திரி, வீதிக்கு வர ரொம்ப நேரமாகும். பத்தாம் நாள் திருக்கல்யாணம்.

கார்த்திக் 2பி 8:19
அறுபத்துமூவர் எங்கேர்ந்து பார்க்கறது மாமி?

லலிதா மாமி 8:24
முதல்ல பிள்ளையார். நாயன்மார் சின்னப் பல்லக்குகள்ல வருவாங்க. ஒரே பல்லக்குல பல பேர் இருப்பாங்க, அதனால 63 பல்லக்கு எண்ணிண்டு நிக்காதே. வீதி வலம் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்குன்னு போகும். ஊர்வலம் வர்றதுக்கு எதிர்த்திசையில நடந்தா மாட்டிப்பே. பெரியவங்களுக்கு நம்ம மொட்டைமாடியே போதும்.

சுந்தரம் மாமா 8:26
வண்டி வேண்டாம். பறக்கும் ரயில்ல திருமயிலையில இறங்கி நடந்து வரச் சொல்லு. செருப்பை வீட்டிலேயே விட்டுட்டுக் கிளம்புங்க, அந்தக் கூட்டத்துல விட்டா திரும்பக் கிடைக்காது.

கார்த்திக் 2பி 8:27
சரி மாமா. மொட்டைமாடிச் சாவி யார்கிட்ட இருக்கு?

தேவி அக்கா 4ஏ 8:28
எங்க வீட்ல. ரெண்டு மணிக்கே திறந்து வைக்கறேன்.