8 இன்ச் டாப்சோனியனில் 3சி 273: எப்படிப் பிடிப்பது, என்ன அளக்கலாம்?

மறையூர்_வானம்:
மார்ச் கடைசியில மறையூர்ல இருந்து 3சி 273 குவேசாரை (தூரத்து கேலக்ஸி நடுவுல கருந்துளையைச் சுத்தி ஒளிருற வாயு) பார்க்கணும். 8 இன்ச் டாப்சோனியன் தொலைநோக்கி, குவியத்தூரம் 1200 மி.மீ. வெறும் புள்ளியாத்தான் தெரியுமா? அதை வச்சு ஏதாவது அளக்க முடியுமா?

மலையோரம்:
புள்ளிதான் அண்ணே. மேக்னிட்யூடு (பிரகாச அளவு, எண் கூடக்கூட மங்கல்) 12.9, நிலா இருக்கிற ராத்திரி வேண்டாம். கன்னி ராசியில ஈட்டா விர்ஜினிஸ் நட்சத்திரத்துக்கு வடகிழக்கே மூணரை டிகிரி. போரிமா நட்சத்திரத்தையும் சேர்த்தா மூணும் முக்கோணமா நிக்கும். ஏஏவிஎஸ்ஓ (மாறொளி நட்சத்திரம் பார்க்கிறவங்க சங்கம்) தளத்துல பேரைக் கொடுத்து 15 மேக்னிட்யூடு வரைக்கும் நட்சத்திர சார்ட் எடுத்துக்கோங்க. ரைட் ஆங்கிள் ஃபைண்டர்னா (குறிபார்க்கிற சின்னத் தொலைநோக்கி) இடம் வலமா மாறும், அங்கதான் வழி தப்பும். இடத்துக்கு வந்ததும் 8 மி.மீ. ஐபீஸ் போடுங்க. 150 மடங்குல பின்னணி இருண்டு மங்கல் நட்சத்திரமெல்லாம் எழும்பி வரும்.

நேரம் முக்கியம். ராத்திரி 12.30 வாக்குல உங்க ஊர்ல 82 டிகிரி உயரத்துல நிக்கும். உச்சிக்கிட்ட டாப்சோனியனை எவ்வளவு சுத்தினாலும் காட்சி அதிகம் நகராது. 11 மணிக்கே கிழக்குப் பக்கம் பிடிச்சிடுங்க.

நிறமாலைப்பித்தன்:
பார்க்கிறதைவிட அளக்கிறதுலதான் ருசி. 1963ல வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் இதோட நிறமாலையில (ஒளியை நிறம் நிறமாப் பிரிச்ச பட்டை) கண்டது சாதாரண ஹைட்ரஜன் கோடுகளைத்தான், 16 சதவீதம் சிவப்புப் பக்கம் தள்ளி. அதை நீங்களே எடுக்கலாம். ஆனா டாப்சோனியன் அடிப்பாகம் உதவாது. குழாயைத் தொடர்ந்து ஓடுற ஈக்வடோரியல் மவுண்ட்ல ஏத்தணும். மில்லிமீட்டருக்கு 100 கோடு உள்ள கிரேட்டிங் (ஒளியைப் பிரிக்கிற கண்ணாடி), மோனோ (கறுப்பு வெள்ளை) கேமரா, 30 நொடி ஷாட் 60, 80 எடுத்து ஒண்ணுமேல ஒண்ணா ஸ்டாக் பண்ணுங்க. ஃபோகஸ் புள்ளியில வைக்காதீங்க, நிறமாலையில வைங்க; ரெண்டும் ஒரே இடத்துல கூர்மையாகாது. பக்கத்து நட்சத்திரம் குறுக்கே விழுந்தா கிரேட்டிங்கைத் திருப்புங்க. அலைநீள அளவுக்கு டெனெபோலா நட்சத்திரத்தை அதே அமைப்புல எடுத்துக்கணும்.

ஹெச்-பீட்டாங்கிற ஹைட்ரஜன் கோடு 486.1 நானோமீட்டர்ல இருக்க வேண்டியது 563 நானோமீட்டர் பக்கம் மேடா நிக்கும். வித்தியாசத்தை 486.1ஆல வகுத்தா 0.158 வரணும். கோடு 6 நானோமீட்டர் அகலம் இருக்கும், கருந்துளையைச் சுத்தி வாயு பறக்கிற வேகம் அது. 2018ல கிராவிட்டி கருவி (பல பெரிய தொலைநோக்கிகளோட ஒளியைச் சேர்த்துப் பார்க்கிறது) அந்தச் சுழற்சியைப் பிரிச்சுப் பார்த்துச் சொன்ன கருந்துளையோட நிறை, சுமார் 26 கோடி சூரியன்.

மறையூர்_வானம்:
ஹெச்-ஆல்ஃபாதானே பலமான கோடு, அதை எடுத்தா சுலபமில்லையா?

நிறமாலைப்பித்தன்:
அது 760ல வந்து விழுது தம்பி. நம்ம காத்துல இருக்கிற ஆக்ஸிஜன் சரியா அங்கதான் ஒளியை உறிஞ்சும், மேடு நடுவுல குழியாயிடும். பீட்டா, காமா ரெண்டுல நில்லுங்க. காமா 503 பக்கம் வரும்.

மலையோரம்:
உடுமலைப் பக்கத்து எல்.இ.டி. வெளிச்சமும் 560 பக்கம்தான் தடிச்சு இருக்கும். பின்னணியை நிறமாலைக்கு மேலயும் கீழயும் எடுத்துக் கழிச்சிடுங்க.