ட்ரைஃபோலியேட் ஆரஞ்சும் பனியில கருகுது, யாராவது சொல்லுங்க

கொடைக்கானல் மேல்மலை, மன்னவனூர் பக்கம் தோட்டம். கமலா ஆரஞ்சு பனி தாங்காதுன்னு அதோட காட்டு உறவான ட்ரைஃபோலியேட் ஆரஞ்சை வேர்ச்செடிக்காக (மேல கமலாவை ஒட்டுக் கட்ட) விதை போட்டேன். 40 கன்று, 14 மாசம். ஜனவரி உறைபனியில 26 கன்றுக்கு நுனி போச்சு. விடியக்காலை இலை கண்ணாடி மாதிரி இருந்துச்சு. வெயில் ஏறினதும் வெந்த கீரை. தண்டைக் கீறினா உள்ள பழுப்பு.

வைக்கோல் மூடியாச்சு, விடியறதுக்குள்ள தண்ணி தெளிச்சாச்சு. யூரியாவை டிசம்பர் வரைக்கும் போட்டது என் தப்புதான்.

எல்லாக் கன்றுலயும் ட்ரைஃபோலியேட்டோட அடையாளமான, மூணு சிற்றிலை சேர்ந்த இலைதான் இருக்கு. ஆனா அது ஓங்கு பண்பு (தாய், தகப்பன்ல ஒண்ணுகிட்ட இருந்து வந்தாலே வெளிய தெரியும்), கலப்புக் கன்றுலயும் வரும். குளிர் தாங்கற மரபணுக்கள் முழுசா வேலை செய்ய வாரக்கணக்குல குளிர் பழகணும்; இங்க பகல்ல 18 டிகிரி, ராத்திரி 0.

விதை கலப்பா, இல்ல கன்று குளிர் பழகலையா, எந்தச் சோதனையில தெரியும்?