பின்பக்கம் தேய்த்து எழுத்து பொறித்த டைம் நாணயம்: பழைய வேலைதானா?

கேள்வி: 1876 டைம் (அமெரிக்கப் பத்து சென்ட் வெள்ளி நாணயம்) ஒன்று வாங்கினேன். முன்பக்கம் உட்கார்ந்திருக்கும் லிபர்ட்டி (சுதந்திர தேவி) அப்படியே இருக்கிறாள், பின்பக்கத்தை வழவழவென்று தேய்த்துவிட்டு இரண்டு எழுத்துகளைக் கொடிபோலப் பின்னிப் பொறித்திருக்கிறார்கள், மேலே ஒரு துளை. காதல் டோக்கன், அதாவது பிரியமானவருக்கு நாணயத்தில் பொறித்துக் கொடுத்த நினைவுப் பரிசு என்றுதான் கடைக்காரர் விற்றார். நேற்று செய்ததாக இருந்தால்?

பதில்: நாணயம் பழசு என்பதால் பொறிப்பும் பழசாகிவிடாது. லென்ஸில் பாருங்கள். கை உளி வளைவில் அகன்று நுனியில் மயிரிழையாக முடியும், எல்லாக் கோடும் ஒரே ஆழம் என்றால் மெஷின். பள்ளத்துக்குள் மட்டும் வெள்ளி பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பதில்: தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள்! வெள்ளியில் நாளாகப் படியும் கருப்புதான் பழசுக்குச் சாட்சி, நான் ஒன்றைத் தேய்த்துக் கெடுத்தவன்.

பதில்: டைம் பிடித்துவிட்டது என்றால் அப்புறம் பிரிட்டிஷ் பக்கமும் பாருங்கள். 1797 செப்புப் பென்னியைத் தேய்த்து, ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட கைதிகள் பிரியமானவர்களுக்குப் பொறித்துக் கொடுத்தார்கள். எனக்கு அதுதான் உசத்தி, ஆனால் போலியும் உண்டு.

கேள்வி கேட்டவர்: பார்த்துவிட்டேன். கோட்டின் ஓரமெல்லாம் மழுங்கியிருக்கிறது, துளையின் மேல்விளிம்பு மட்டும் வளையம் உரசி நீள்வட்டமாகிவிட்டது. யாரோ நிறைய நாள் போட்டிருந்திருக்கிறார்கள். சரி, விற்கப் போவதில்லை.