வாரத்துக்கு இரண்டு முறை தானாக ரீசெட் ஆகும் கட்டுப்பாட்டுப் பலகை: ஆய்வுக் கட்டுரைகள் இங்கே உதவுமா?

கேள்வி: சுற்றுப்பலகை

வணக்கம். பொதி கட்டும் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பலகை தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் ஃபர்ம்வேர் (பலகையின் சிப்பில் ஓடும் மென்பொருள்) எழுதுகிறேன். ஃப்ரீஆர்டிஓஎஸ் என்னும் நிகழ்நேர இயங்குதளத்தின் மீது மூன்று டாஸ்க்குகள் (தனித்தனி வேலைகள்) ஓடுகின்றன. உச்ச முன்னுரிமை கொண்டது 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எஸ்பிஐ பஸ் (சிப்புகளை இணைக்கும் பொதுத் தகவல் பாதை) வழியாக வெப்பநிலையைப் படித்து ஹீட்டரைக் கட்டுப்படுத்துகிறது. அதற்கு 2 மில்லிசெகண்டு பிடிக்கிறது. நடுவில், வெளிக் கணினியோடு பேசும் மாட்பஸ் தொடர்பைக் கவனிக்கும் டாஸ்க் இருக்கிறது. கடைசி டாஸ்க், அதே எஸ்பிஐ பஸ்ஸில் உள்ள ஃபிளாஷ் சிப்பில் பதிவுகளை எழுதுகிறது. பஸ்ஸை இருவர் ஒரே நேரத்தில் தொடாதபடி ஒரு பைனரி செமஃபோரைப் பூட்டாக வைத்திருக்கிறோம். கட்டுப்பாட்டு டாஸ்க் 100 மில்லிசெகண்டுக்குள் தலைகாட்டாவிட்டால் வாட்ச்டாக் என்னும் காவல் டைமர் பலகையை ரீசெட் செய்யும்.

மாட்பஸ்ஸைச் சேர்த்த பிறகு, வாடிக்கையாளரின் தொழிற்கூடத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை பலகை தானாக ரீசெட் ஆகிறது. எங்கள் மேசையில் ஒருமுறைகூட அது நிகழவில்லை. சிபியுவின் மொத்தச் சுமை 40 சதவீதம்தான். தாழ்ந்த டாஸ்க் உயர்ந்ததைக் காக்க வைக்கும், முன்னுரிமை தலைகீழாகும் சிக்கல் பற்றிய கட்டுரைகளை எடுத்துக் காட்டியபோது, பல்கலைக்கழக ஆய்வெல்லாம் தொழிற்சாலைக்கு ஒத்துவராது, வாட்ச்டாக் நேரத்தை நீட்டிவிடு என்று என் மேலாளர் சொல்லிவிட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

மறுமொழி 1: நிகழ்நேரன்

வாட்ச்டாக் நேரத்தை மட்டும் தயவுசெய்து நீட்டாதீர்கள். அது நீளும் ஒவ்வொரு மில்லிசெகண்டும் உங்கள் ஹீட்டர் கேட்பாரின்றி எரியும் நேரம்.

உங்கள் அமைப்பு, 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்துக்கு நேர்ந்ததோடு ஏறக்குறைய முழுவதும் பொருந்துகிறது. அங்கே உயர் முன்னுரிமை டாஸ்க் ஒன்று கலத்தின் தகவல் பஸ்ஸைக் கவனித்தது. வானிலைக் கருவியின் தரவைச் சேகரித்த டாஸ்க் தாழ்ந்த முன்னுரிமையில் ஓடியது. தாழ்ந்தது மியூட்டெக்ஸ் என்னும் பூட்டைப் பிடித்திருந்த கணத்தில் நடுத்தர முன்னுரிமை டாஸ்க்குகள் குறுக்கே புகுந்தன. தாழ்ந்தது ஓட முடியாததால் பூட்டு திறக்கவில்லை, பூட்டு திறக்காததால் உயர்ந்தது காத்துக் கிடந்தது. பஸ் வேலை உரிய நேரத்தில் முடியாததைக் கண்ட மென்பொருள் கணினியை ரீசெட் செய்தது. சேகரித்த தரவு அழியவில்லை என்றாலும், அன்றைய மிச்ச வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின.

இதற்கான மருந்து, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வின் பயனாக, லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி ஆகிய மூவரும் 1990-இல் வெளியிட்ட கட்டுரையில் இருந்தது. (ராஜ்குமார் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர் என்பதை இங்கே மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறேன்.) பூட்டைப் பிடித்திருக்கும் தாழ்ந்த டாஸ்க், அதற்காகக் காத்திருக்கும் உயர்ந்த டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாகப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதே அது. பாத்ஃபைண்டரில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில் அந்த வசதி ஏற்கெனவே ஒரு விருப்பத்தேர்வாக இருந்தது. சிக்கலுக்குக் காரணமான மியூட்டெக்ஸில் மட்டும் அது அணைந்திருந்தது. ஆக, 1990-ஆம் ஆண்டின் ஆய்வு ஏழே ஆண்டுகளில் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது; அதை இயக்கிவிடும் மாற்றத்தைத்தான் பூமியிலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. இதே கோளாறு தரையிறங்கும் முன்பே சோதனையில் தலைகாட்டியும், மீண்டும் வரவழைக்க முடியாமல் போயிருந்தது என்பதையும் உங்கள் மேலாளரிடம் சொல்லுங்கள்.

உங்கள் பலகையில் முதலில் செய்ய வேண்டியது எளிது. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் மியூட்டெக்ஸுக்கு இந்த முன்னுரிமைப் பேறு உண்டு. பைனரி செமஃபோருக்குக் கிடையாது. ஆகவே மியூட்டெக்ஸுக்கு மாறுங்கள்.

மறுமொழி 2: பழைய பொறியாளர்

நண்பர் சொன்னது சரிதான், ஆனால் மாற்றியதும் நிம்மதியாக உறங்கிவிட வேண்டாம். முன்னுரிமைப் பேறு நடுத்தர டாஸ்க் குறுக்கே புகுவதைத்தான் தடுக்கிறது. தாழ்ந்த டாஸ்க் தானாகவே பூட்டை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தால் அதற்கு இந்த மருந்து பயன்படாது. இவ்வகை ஃபிளாஷ் சிப்புகள் பலவற்றில் 4 கேபி பகுதியை அழிக்க வழக்கமாக 45 மில்லிசெகண்டும், மோசமான நிலையில் 400 மில்லிசெகண்டு வரையும் ஆகும் என்று தரவுத்தாளிலேயே போட்டிருப்பார்கள். அழித்து முடியும் வரை உங்கள் டிரைவர் (சிப்பை இயக்கும் நிரல்) பூட்டைப் பிடித்தபடி நிலையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள்.

சுமை 40 சதவீதம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். லியூவும் லேலண்டும் 1973-இல் தந்த சூத்திரப்படி, மூன்று டாஸ்க்குகளுக்குச் சுமை 78 சதவீதத்துக்குள் இருந்தால், விரைவாகத் திரும்பி வரும் டாஸ்க்குக்கு உயர்ந்த முன்னுரிமை என்ற முறைப்படி, எல்லாம் நேரத்தில் முடியும். ஆனால் டாஸ்க்குகள் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்காது என்பது அந்தச் சூத்திரத்தின் நிபந்தனை. உங்கள் செமஃபோர் அந்த நிபந்தனையை மீறுகிறது. 1990-ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த இடைவெளியையும் நிரப்பியது: ஒரு டாஸ்க் தனக்குக் கீழானவற்றுக்காகக் காத்திருக்கக்கூடிய மிக நீண்ட நேரத்தை அதன் சுழற்சி நேரத்தால் வகுத்துச் சுமையோடு கூட்ட வேண்டும். உங்கள் கட்டுப்பாட்டு டாஸ்க்குக்கு 2/10, அதாவது 0.2, அதோடு, வழக்கமான அழிப்பு நேரத்தையே எடுத்தாலும், 45/10, அதாவது 4.5. கூட்டினால் 4.7 வருகிறது. அது 1-ஐத் தாண்டவே கூடாது. ஆய்வு தொழிற்சாலைக்கு ஒத்துவராது என்று சொல்லும் மேலாளரிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். இதற்கு ஆய்வகமும் வேண்டாம், பணமும் வேண்டாம்.

தீர்வு டிரைவரில் இருக்கிறது. அழிக்கும் கட்டளையை அனுப்பியதும் பூட்டை விட்டுவிடுங்கள். சிப் தன் வேலையை உள்ளே செய்துகொண்டிருக்கும்போது பஸ்ஸுக்கு அங்கே வேலை இல்லை. அவ்வப்போது பூட்டைப் பிடித்து நிலையை ஒருமுறை கேட்டால் போதும்.

சுற்றுப்பலகை

இருவருக்கும் மிக்க நன்றி. பூட்டுக்காகக் காத்திருக்கத் தொடங்கும்போது சிப்பின் ஒரு பின்னில் மின்னழுத்தத்தை உயர்த்தி, கிடைத்ததும் தாழ்த்தி, அதை லாஜிக் அனலைசர் என்னும் அளவுக் கருவியில் இரண்டு நாள் பதிவு செய்தேன். ஃபிளாஷ் அழிக்கப்படும் ஒவ்வொரு முறையும் கட்டுப்பாட்டு டாஸ்க் 40 மில்லிசெகண்டுக்கு மேல் காத்திருந்தது. அப்போது ஹீட்டரின் நான்கு சுழற்சிகள் தவறியிருக்கின்றன, எங்களுக்கு அது தெரியவே இல்லை. மாட்பஸ் வழியாகப் பெரிய அளவுருப் பட்டியலை ஒரே மூச்சில் கேட்டபோது அந்தக் காத்திருப்பு 100-ஐத் தாண்டி, எங்கள் மேசையிலேயே பலகை ரீசெட் ஆனது. வாடிக்கையாளரின் கணினி, பணிமுறை (ஷிஃப்ட்) மாறும்போது அந்தப் பட்டியலைக் கேட்கிறது. நாங்கள் அதைச் சோதித்ததே இல்லை.

டிரைவரை மாற்றியபின் பூட்டு மிக நீண்ட நேரம் பிடிக்கப்படுவது 256 பைட் பக்கத்தை அனுப்பும்போதுதான். 8 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழ 0.26 மில்லிசெகண்டு. கணக்கு 4.7-இலிருந்து 0.23-க்கு இறங்கிவிட்டது. அப்படியானால் மியூட்டெக்ஸ் இனியும் தேவையா?

மறுமொழி 3: நிகழ்நேரன்

தேவை. அந்த 0.26 மில்லிசெகண்டுக்குள் மாட்பஸ் டாஸ்க் குறுக்கே புகுந்தால், அதன் முழு ஓட்ட நேரமும் காத்திருப்போடு சேர்ந்துகொள்ளும். உங்கள் கணக்கு 0.23 என்று வருவதே முன்னுரிமைப் பேறு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான்.

மேலாளருக்காக இன்னொன்று. பாட்ரிக் கூசோவும் ராதியா கூசோவும் 1977-இல் வெளியிட்ட கணிதக் கோட்பாட்டின் மீது, பாரிஸின் எகோல் நார்மால் சுப்பீரியரில் அஸ்ட்ரே என்னும் பகுப்பாய்வுக் கருவியை உருவாக்கினார்கள். 2003 நவம்பரில் அது ஏர்பஸ் ஏ340 விமானத்தின் முதன்மைப் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை, 1,32,000 வரி சி நிரலை, ஒரு மணி இருபது நிமிடத்தில் அலசி, ஓட்டநேரப் பிழை (நிரல் ஓடும்போது எழும் பிழை) ஏதும் இல்லை என்று நிறுவியது. பின்னர் ஜெர்மனியின் ஆப்ஸ்இன்ட் நிறுவனம் அதை வணிகக் கருவியாக்கியது. அந்நிறுவனமும் சார்லாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998-இல் தொடங்கியதுதான்.

அடுத்த வெளியீட்டில் அந்தப் பின்னை உயர்த்தும் நிரலை நீக்கிவிடாதீர்கள். பாத்ஃபைண்டர் குழு தன் தடங்காண் வசதியை (மென்பொருளில் எது எப்போது நடந்தது என்று பதிவு செய்வதை) பறந்த மென்பொருளிலும் வைத்திருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க அதுவே உதவியது.