ஆர் மொழியில் காலி வெக்டர் மீது ஃபார் லூப் ஏன் இரண்டு முறை சுற்றுகிறது?

கேள்வி

வணக்கம். ஆர் என்ற நிரல்மொழியோடு சேர்ந்தே வரும் ஏர்குவாலிட்டி தரவை வைத்து, வெப்பநிலை 90 பாரன்ஹீட்டைத் தாண்டிய நாட்கள் மாதவாரியாக எத்தனை என்று எண்ணப் பார்க்கிறேன். வெளி லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல்பகுதி) 1 முதல் 12 வரை மாதங்களை எடுக்கிறது. உள் லூப், அந்த மாதத்து வெப்பநிலைகளை 'வி' என்ற வெக்டரில் (மதிப்புகளின் வரிசையில்) வைத்துக்கொண்டு, 1:லெங்த்(வி), அதாவது 1 முதல் அதன் நீளம் வரை என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. முதல் மாதத்திலேயே, நிபந்தனையைச் சோதிக்கும் இஃப் வரியில், ட்ரூ அல்லது ஃபால்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் மதிப்பு விடுபட்டிருப்பதாகப் பிழைச்செய்தி வருகிறது. வெப்பநிலைப் பத்தியின் 153 மதிப்புகளில் ஒன்றுகூட என்ஏ (விடுபட்ட மதிப்பைக் காட்டும் குறி) இல்லை. என்ஏ வந்தால் தாண்டிச் செல்லும்படி ஒரு வரி சேர்த்தேன்; இப்போது நீளம் பூஜ்ஜியம் என்று வேறு பிழை வருகிறது. தவறு எங்கே?

பதில் 1

தரவில் தவறில்லை. அது 1973 மே முதல் செப்டம்பர் வரை நியூயார்க்கில் எடுத்த அளவீடு என்பதால், ஜனவரிக்கு உங்கள் 'வி' காலியாக இருக்கிறது. அதன் லெங்த் 0. ஆனால் 1:0 என்பது ஆர் மொழியில் 'ஒன்றுமில்லை' ஆகாது, 1, 0 என்று இறங்குவரிசையில் இரண்டு எண்களைத் தரும். முதல் சுற்றில், இல்லாத முதல் உறுப்பைக் கேட்கிறீர்கள், என்ஏ கிடைக்கிறது. அதைத் தாண்டியதும் இரண்டாம் சுற்றில் வி[0] என்று கேட்கிறீர்கள், நீளமே இல்லாத வெக்டர் கிடைக்கிறது. உங்களுடைய இரண்டு பிழைகளும் இந்த இரண்டு சுற்றுகள்தாம். நீங்கள் சேர்த்த வரியை எடுத்துவிட்டு, 1:லெங்த்(வி) இருக்கும் இடத்தில் சீக்_அலாங்(வி) என்று எழுதுங்கள்; அது உள்ள உறுப்புகளுக்கு மட்டும் வரிசை எண் தரும். காலி வெக்டருக்கு லூப் ஒருமுறைகூடச் சுற்றாது. பிழை வந்து நின்றது உங்கள் நல்ல நேரம் என்பேன். இஃப் இல்லாத லூப்பாக இருந்தால், விடையில் என்ஏவைக் கலந்துவிட்டுச் சத்தமில்லாமல் முடிந்திருக்கும்.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனால் இந்த வேலைக்கு உள் லூப்பே தேவையில்லை. சம்(வி > 90) என்றாலே, 90ஐத் தாண்டியவற்றைக் கூட்டி எண்ணிக்கை வந்துவிடும். காலி வெக்டருக்கு 0 வரும். மீன் (சராசரி), மேக்ஸ் (உச்ச மதிப்பு) இரண்டையும் அப்படி நம்பிவிடாதீர்கள்: காலி வெக்டருக்கு முன்னது என்ஏஎன் (எண் அல்ல) தரும், பின்னது எச்சரிக்கையோடு மைனஸ் இன்ஃப் (கழித்தல் முடிவிலி) தரும்.

கேட்டவர்

மிக்க நன்றி, இப்போது ஜனவரிக்கு 0 வருகிறது. அடுத்து, முந்தைய நாளைவிடச் சூடான நாட்களை எண்ண, வி[ஐ]யை வி[ஐ+1]உடன் ஒப்பிட்டு 1:என்-1 என்று எழுதினேன் ('என்' என்பது வி-யின் நீளம்). மே மாதத்திலேயே மீண்டும் அதே நீளம் பூஜ்ஜியப் பிழை.

பதில் 1

கழித்தலுக்கு முன்பாகவே முக்காற்புள்ளி வேலை செய்துவிடும். எனவே 1:என் முதலில் உருவாகி, ஒவ்வொன்றிலிருந்தும் 1 கழிகிறது. வரிசை 0இல் தொடங்குவதால், மீண்டும் வி[0]ஐக் கேட்கிறீர்கள். அடைப்புக்குறி போட்டு 1:(என்-1) என்றால் மே சரியாகும், ஆனால் ஒரே ஒரு நாள் உள்ள தரவு வந்தால் பழையபடி 1:0தான். சம்(டிஃப்(வி) > 0) என்று எழுதிவிடுங்கள்; டிஃப் என்பது அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசம்.